பின் சீட்டுச் சத்தம்

இங்கே உட்காரலாமுங்களாண்ணா? தேங்க்ஸுங்ணா. நீங்களும் டெஸ்ட்டுக்குத்தானே வந்திருக்கீங்க? கையில் இருக்கும் எல்.எல்.ஆர். காகிதத்தைச் சுருட்டிச் சுருட்டிப் புல்லாங்குழல் ஆக்கி வைத்திருக்கீங்களே, அதை வைத்துத்தான் சொன்னேன்.

நான் கொஞ்சம் நிறையப் பேசுவேன், தப்பா எடுத்துக்காதீங்க. பேசாமல் இருந்தால் என் வாயிலிருந்து தானாக ஏதாவது சத்தம் கிளம்பிவிடும். இன்றைக்கு ஒரு நாளைக்கு மட்டும் என் சொந்தக் குரலைத் தவிர வேறு எந்தக் குரலும் வரக் கூடாது என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதோ, மாம்பழக் கலர் சுடிதார். ஹேண்ட்பேகை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்த வெள்ளை டெஸ்ட் காரையே முறைத்துக்கொண்டு நிற்கிறாளே, அதுதான் எங்கம்மா. சாந்தாமணி. சுடிதார் போடுகிற ஆளே இல்லை. சேலை பெடலில் மாட்டிக்கொள்ளும் என்று டிரைவிங் ஸ்கூலில் சொன்னதற்காகப் புதிதாக எடுத்தது. துப்பட்டாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் சொருகியிருக்கிறாள் பாருங்க.

நான் மிதுன். பிளஸ் டூ. லைசென்ஸ் எடுக்க எனக்கு இன்னும் வயசாகவில்லை. அம்மாவுக்குத் துணைக்கு வந்தேன்.

சத்தியத்தை நான் மீற மாட்டேன். ஆனால் மெதுவாகப் பேசினால் அது கணக்கில் வராது என்று நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். காதை மட்டும் இப்படிக் கொடுங்க. அங்கே குடை பிடித்துக்கொண்டு நிற்பவர்தான் பிரேக் இன்ஸ்பெக்டர். அவர் குரலைக் கவனித்தீங்களா? பாதி மூக்கில், பாதி தொண்டையில். "ஏம்ப்பா, நீ ஹேண்ட் சிக்னல் காட்டறியா, பஸ்ஸ நிறுத்தறியா?" எப்படி? ஐயோ, திரும்பிப் பார்க்கிறார். குனிங்ணா, குனிங்க!

போய்விட்டார். நிமிரலாம்.

எங்கள் வீட்டில் என்ன காரா? அப்படிக் கேளுங்க. பத்மினி. வெள்ளை. ஸ்டியரிங்கிலேயே கியர். எங்கப்பா ஜெகநாதன் பம்ப்செட் கம்பெனியில் ஃபோர்மேன். வீட்டில் அவர் பேசுவதை எண்ணிவிடலாம். "சாப்பாடு." "தண்ணி." "லைட்ட அணை." ஆனால் கார் என்று ஒரு வார்த்தையை யாராவது வாசலில் போட்டால் போதும், மனுசன் நிறுத்தவே மாட்டார். கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தெரியாத்தனமாக, "புதுசா ஆட்டோமேட்டிக் கார் புக் பண்ணிருக்கேனுங்க" என்று சொல்லிவிட்டார். அப்பா ரசத்தோடு நிறுத்திவிட்டு ஆரம்பித்தார். கேளுங்க, இதுதான் அப்பா. முதலில் ஒரு செருமல். "ஆட்டோமேட்டிக்குங்களா? வலது கால் வேலை செய்யும், இடது கால் என்ன பாவம் பண்ணுச்சுங்க? அதுக்கும் ஒரு பொழப்பு வேண்டாமுங்களா?" அந்த மனுசன் பாயசம் குடிக்காமலே எழுந்து போனார்.

பட்டன் ஸ்டார்ட் வண்டியைப் பார்த்தால், "சாவியப் போட்டுத் திருப்பறப்ப கைக்கு ஒரு சேதி வரும்டா. பட்டன அமுக்கறதுக்கு இதென்ன லிஃப்ட்டா?" என்பார். உள்ளே பெரிய திரை இருந்தால், "ரோட்டப் பார்க்கறவனுக்கு டிவி எதுக்கு?" பேட்டரி கார் பக்கத்தில் வந்து நின்றால் முகத்தையே திருப்பிக்கொள்வார். "அது காரே இல்லடா. செல்போனுக்குச் சக்கரம் வெச்சிருக்கான்."

பழைய வண்டி என்றால் குரலே வேற. அப்படியே வெண்ணெய். "அம்பாசடர்ல ஏறி உக்காந்தா ஒரு மரியாதை வரும் பாரு. வட்டிக்கடைக்குப் போனாலும் எம்.எல்.ஏ. வந்துட்டாருன்னு எந்திரிச்சு நிப்பாங்க." மாருதி எண்ணூறு? "சின்ன உருப்படி. சொன்ன பேச்சக் கேக்கற புள்ள." பத்மினியைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். போனட்டைத் துடைப்பார், அவ்வளவுதான்.

நான் எந்தக் கட்சி என்று கேட்பீங்க. சொல்கிறேன். அப்பாவுக்கு வண்டி என்றால் இரும்பு. எனக்கு வண்டி என்றால் சத்தம். எந்த வண்டியை வாயில் போட முடியுமோ அதுதான் நல்ல வண்டி. டீசல் ஜீப் தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டும், பச்சை மிளகாயைக் கடித்தவன் இருமுகிற மாதிரி. பத்மினி மேல் அண்ணத்தில் ஓடும், காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு விக்கலோடு. சோக்கை இழுத்தால் விக்கல் நிற்கும். புது வண்டிகளில் இன்ஜினை மூடி மூடி வைத்து ஊமையாக்கிவிட்டார்கள். ஆனால் வேறு சத்தங்கள் ஏராளம். பெல்ட் போடாவிட்டால் டிங் டிங் டிங். கதவு சாத்தாவிட்டால் டொய்ங். அப்புறம் வழி சொல்கிற அக்கா. "முன்னூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்." திரும்பாவிட்டால் அந்தக் குரலில் ஒரு வருத்தம் வரும் பாருங்க, நமக்கே குற்றவுணர்ச்சி ஆகிவிடும். பழைய வண்டி தனக்கு உடம்பு சரியில்லை என்றால் கத்தும். புது வண்டி நாம் தப்புப் பண்ணினால் கத்தும். அது நோயாளி, இது டீச்சர். எனக்கு ரெண்டும் பிடிக்கும்.

இப்ப யார் ஏறியிருக்காங்க? சிவப்புச் சட்டை. அப்புறம் ஒருத்தர். அப்புறம் அம்மா. ஐயோ, என் காலைப் பாருங்க, தானாக ஆடுது. நீங்களும் ஆட்டறீங்க. சரி, ரெண்டு பேரும் ஆட்டலாம்.

அம்மா எதற்கு லைசென்ஸ் எடுக்கிறாள் என்று சொல்லவில்லையே. அம்மா பொடி அரைத்து விற்கிறாள். சாம்பார் பொடி, பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. வடவள்ளி, சாயிபாபா காலனி, கவுண்டம்பாளையம், எங்கே கேட்டாலும் கடையில் இருக்கும். எல்லாம் டவுன் பஸ்ஸில்தான் போகும். ரெண்டு தோளிலும் ரெண்டு பெரிய பை. கண்டக்டர்களுக்கெல்லாம் அம்மாவைத் தெரியும். வாசத்தை வைத்தே தெரியும். "சாம்பாரம்மா வந்தாச்சு, உள்ள போ, உள்ள போ!"

காரில் எடுத்துப் போகலாமே என்கிறீங்களா? பத்மினியிலா? அப்பா ஒத்துக்கொள்வாரா? "அந்த சீட் துணி கம்பெனி துணி சாந்தா. ஒரு தடவ மசாலா வாசம் ஏறுச்சுன்னா ஏழு ஜென்மத்துக்கும் போகாது." அம்மா விடவில்லை. டப்பாவில் அடைக்கிறேன் என்றாள். டப்பாவை உறையில் போடுகிறேன் என்றாள். உறையை டிக்கியில் வைக்கிறேன் என்றாள். "நீங்க ஓட்டிக் கொண்டாந்து விடவும் வேண்டாமுங்க. எனக்கு ஓட்டக் கத்துக் குடுங்க, நானே போய்க்கறேன்" என்றாள். அப்பா மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் இட்லி சாப்பிட்டுக்கொண்டே, "ஞாயித்துக்கெழமை வண்டியெடுக்கலாம்" என்றார். அம்மா அன்றைக்கு எனக்குத் தோசையில் ரெண்டு முட்டை ஊற்றினாள். எனக்கு எதற்கு என்று தெரியவில்லை. சாப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சத்தம் வந்தது.

காலேஜ் மைதானத்துக்குப் பின்னால் காலி ரோடு. அப்பா ஓட்டிக் காட்டுகிறார், அம்மா முன் சீட்டில், நான் பின் சீட்டில். "கிளச்ச முழுசா மிதி. இப்ப கியர். இப்ப மெதுவ்வா விடு, பால் பாத்திரத்த எறக்கற மாதிரி." அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறாள். ரெண்டு பேரும் ஒரு தடவைகூடப் பின்னால் திரும்பவில்லை. எனக்கு போர் அடித்தது. சும்மா நாக்கைத் தட்டினேன்.

டொக். டொக். டொக்.

வண்டி நின்றது. அப்பா அப்படியே திரும்பினார். அம்மா பக்கம் இல்லைங்ணா, என் பக்கம். என் முகத்தைப் பார்த்து, "கேட்டியாடா?" என்றார்.

"கேட்டேன்பா" என்றேன். பொய் இல்லையே, கேட்டேன்தானே?

"என்ன சத்தம்னு நினைக்கிற?"

அண்ணா, எங்கப்பா என்கிட்ட நீ என்ன நினைக்கிற என்று கேட்டதே கிடையாது. பத்தாவதுக்கு அப்புறம் எந்த குரூப் என்றுகூடக் கேட்கவில்லை, ஃபாரத்தில் அவரே டிக் போட்டார். நான் பெரிய மனுசன் மாதிரி தாடையைத் தடவி, "டேப்பட்டா இருக்குமோ?" என்றேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "எனக்கும் அப்படித்தான் பட்டுது." அப்புறம் அம்மாவிடம், "நீ கொஞ்சம் எறங்கிக்க சாந்தா" என்றார். அன்றைக்குப் பாடம் முடிந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் திருவிழாதான். எந்திரிச்சதுமே, "டேய் மிதுனு, வாடா, எங்கிருந்து வருதுன்னு பார்ப்போம்." டேப்பட் என்றால் வால்வைத் தட்டித் திறக்கிற உருப்படி, அதைப் பார்க்க வால்வ் கவரைக் கழற்றுவார். வால்வ் என்றால் என்ன, கேம் என்றால் என்ன, எந்த இடைவெளியில் எவ்வளவு மெல்லிய தகடு நுழைய வேண்டும், எல்லாம் சொல்லித் தருவார். தாத்தா இவரை எந்த ஒர்க்ஷாப்பில் விட்டார், முதல் தடவை கியர் பாக்ஸை இறக்கியபோது எப்படி விரல் நசுங்கியது, எல்லாக் கதையும் வரும். மதியச் சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிட்டால், "இரு, முக்கியமான எடத்துல இருக்கோம்" என்பார். இருக்கோம்! அப்புறம் எல்லாவற்றையும் மாட்டி ஒரு ரவுண்டு போவோம். சத்தம் இருக்காது. அப்பா சிரிப்பார். வீட்டுக்குப் பக்கத்தில் வரும்போது, டொக்... டொக்... டொக்டொக்டொக்.

சும்மா போடலாம் என்று நினைக்காதீங்க. உதடு அசையக் கூடாது, மூச்சு மூக்கில் போக வேண்டும். அவர் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் வேகம் கூட வேண்டும், விட்டால் குறைய வேண்டும். கியர் மாற்றும்போது ஒரு நொடி நிறுத்த வேண்டும். அதுதான் தொழில். சத்தம் யார் வேண்டுமானாலும் போடலாம். எங்கே நிறுத்துவது என்று தெரிகிறவன்தான் கலைஞன்.

அப்பாவின் கூட்டாளி ரங்கண்ணன். பீளமேட்டில் ஒர்க்ஷாப் வைத்திருப்பவர். அவரைக் கூப்பிட்டார் அப்பா. நான் ஸ்கூலில் இருந்த நாள் அது. ரங்கண்ணன் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஜெகா, ஒண்ணுமில்லப்பா, கடிகாரம் மாதிரி ஓடுது" என்றாராம். அப்பாவுக்கு வந்ததே கோபம். "உனக்குக் காது போச்சு ரங்கா. போய் டாக்டர்கிட்டக் காட்டு." அந்த மனுசன் நிஜமாகவே போய்க் காட்டினார்! அழுக்கெல்லாம் எடுத்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். நான் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். ரங்கண்ணன் வண்டியை உருட்டினார். நான் ஆரம்பித்தேன். அவர் முகத்தை நீங்க பார்த்திருக்கணும். கண்ணில் தண்ணியே வந்துவிட்டது. "ஆமா ஜெகா! இப்பக் கேக்குதுப்பா! நல்லாக் கேக்குது!" ரெண்டு பேரும் கை கொடுத்துக்கொண்டார்கள். சிரிப்பை அடக்க நான் சீட் துணியைக் கடித்துக்கொண்டிருந்தேன். கம்பெனி துணி.

எதற்குப் பண்ணினேன் என்றா? சும்மாதாங்ணா. ஜாலிக்கு. அதற்கெல்லாம் காரணம் வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை வேறு என்ன வேலை?

அம்மாவா? அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பிடிமானமுள்ள செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவாள். போனட் திறந்திருக்கும். "இன்னைக்கும் இல்லீங்களா?" "சத்தம் சரியாகட்டும் சாந்தா. சத்தத்தோட இருக்கற வண்டியில கத்துக் குடுத்தா, நீ அந்தச் சத்தமே இன்ஜின் சத்தம்னு நினைச்சுக்குவ. அடுத்த வாரம்." எங்கப்பா தர்க்கத்தை எங்கேயும் மடக்க முடியாதுங்ணா. அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் எங்களுக்குக் காபி போடுவாள்.

சாயங்காலம் பை வார் அழுத்தின இடத்தில் தைலம் தேய்க்கச் சொல்வாள். தேய்ப்பேன். தோளில் ரெண்டு பக்கமும் ரெண்டு கோடு, ரயில் தண்டவாளம் மாதிரி. அவளைச் சிரிக்க வைக்கக் கண்டக்டர் குரலில், "ஏம்மா, மூட்டைக்கு லக்கேஜ் போடணும்" என்பேன். எப்பவும் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒரு நாள் சிரிக்கவில்லை. குரல் சரியாக வரவில்லை போல என்று நினைத்து இன்னொரு தடவை செய்து காட்டினேன். அப்பவும் சிரிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலுக்கு வந்து கேட்கவும் இல்லை. எனக்கு நிம்மதியாகப் போச்சு. பாவம், ஒவ்வொரு வாரமும் செருப்பைப் போட்டுக் கழற்ற வேண்டியதில்லை பாருங்க.

அப்புறம் திடீரென்று காலையில் வாக்கிங் போக ஆரம்பித்தாள். ஹேண்ட்பேகோடு யாராவது வாக்கிங் போவார்களா? எனக்குத் தோன்றவேயில்லை. ஒரு நாள் ஸ்கூல் பஸ்ஸில் துடியலூர் சிக்னலில் நிற்கிறேன். பக்கத்தில் எல் போர்டு போட்ட வெள்ளைக் கார். ஸ்டியரிங்கை ரெண்டு கையாலும் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு எங்கம்மா! எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஜன்னலில் தலையை விட்டு லாரி ஹாரன் அடித்தேன். பாம்ம்ம்! வண்டி ரெண்டு குதி குதித்து ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் நின்றவனெல்லாம் நிஜ ஹாரன் அடிக்க ஆரம்பித்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் காதைத் திருகி, "அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது. பாஸாகற வரைக்கும்" என்றாள். விடவில்லை. அப்பாவுக்கு இந்த நிமிசம் வரைக்கும் தெரியாது.

ஆனால் காலையில் பஸ்ஸில் ஒன்று நடந்ததுங்ணா. அதிலிருந்துதான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஜன்னல் ஓரம் அம்மா. வாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள், கிளச், கியர், மிரர் என்று. திடீரென்று திரும்பி, "ஏஞ்சாமி, இனிமே அந்தச் சத்தம் வராதில்ல?" என்றாள்.

"எந்தச் சத்தம்மா?"

அம்மா நாக்கைத் தட்டினாள். டொக். டொக். அவ்வளவு சுமாராக இல்லைங்ணா, நல்லாவே வந்தது.

"உனக்கெப்படித் தெரியும்?"

"பல்லு முளைக்கறதுக்கு முன்னாடியே தொட்டில்ல கெடந்து நாக்கத் தட்டித் தட்டித்தான் என்னக் கூப்பிடுவ. எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரியும்."

"அப்ப ஏன் அப்பாகிட்டச் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே கத்துக் குடுத்திருப்பாரே?"

"நீங்க ரெண்டு பேரும் பேசற சத்தம் சமையக்கட்டு வரைக்கும் கேக்கும். கேக்கறதுக்கு நல்லா இருந்துச்சு" என்றாள். அப்புறம் மறுபடி கிளச், கியர், மிரர்.

இதற்கு என்னண்ணா அர்த்தம்? நான் டேப்பட்டைப் பற்றிக் கேட்கிறேன், அவள் பேச்சைப் பற்றிச் சொல்கிறாள். சம்பந்தமே இல்லையே? நானும் அப்போதிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். நீங்க ஏன் என்னை இப்படிப் பார்க்கிறீங்க? முகத்தில் ஏதாவது ஒட்டியிருக்கா?

ஐயோ, அம்மா பேரைக் கூப்பிட்டாச்சு! சாந்தாமணி! போறா, போறா. துப்பட்டாவை எடுத்து மடித்துப் பையில் வைக்கிறாள். பையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இன்ஸ்பெக்டரிடமே நீட்டுகிறாள். நான் ஓடிப் போய் வாங்கிட்டு வந்துடறேன்.

வந்துட்டேன். கனமா இருக்கு. உள்ளே ஒரு பாக்கெட் கொள்ளுப் பொடி. இன்ஸ்பெக்டருக்குக் கொண்டுவந்தாயாம்மா என்றேன். "சும்மா இருடா, திரும்பிப் போற வழியில கடைக்குக் குடுக்க" என்றாள்.

ஏறிட்டா. சீட்டை முன்னால் இழுக்கிறாள். மிரர். பெல்ட். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறிக் குடையை மடித்துவிட்டார். ஸ்டார்ட் ஆயிடுச்சு. கிளச்... பால் பாத்திரம்மா, பால் பாத்திரம்... விட்டாச்சு! குலுங்கவேயில்லை! போகுது. வலது பக்கம் கையை நீட்டிட்டா. பாருங்க, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரியெல்லாம் இல்லை, சுத்தமான ஹேண்ட் சிக்னல்.

இப்ப ரிவர்ஸ். அந்தக் கம்பங்களுக்கு நடுவில் போகணும். அண்ணா, என் நாக்கு மேலே போகுது. நான் வேண்டுமென்று பண்ணவில்லை, வண்டி ரிவர்ஸில் போனாலே எனக்கு அந்த ரிவர்ஸ் ஹாரன் டியூன் வாயில் வந்துவிடும். ஏதாவது கேளுங்க என்கிட்ட. எதையாவது கேளுங்க! இல்லை, வேண்டாம், பேசினாலும் வந்துடும். நானே பொத்திக்கிறேன்.

ம்ம்.

ம்ம்ம்.

தாண்டிட்டா! ஒரு கம்பத்தைக்கூடத் தொடலை. இப்ப அந்த மேடு. மேட்டில் நிறுத்தி எடுக்கணும். அதில்தான் எல்லாரும் மாட்டுவார்கள். ஏறுது. நிறுத்திட்டா. ஹேண்ட் பிரேக். இப்ப எடுக்கணும்.

ஐயோ.

ஆஃப் ஆயிடுச்சு.

அண்ணா, ஆஃப் ஆயிடுச்சுண்ணா. யாரும் சத்தம் போடலை, நான் போடலை, நீங்களே பார்த்தீங்கல்ல, வாயைப் பொத்தித்தானே இருந்தேன்? இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்றாரு. அம்மா அவரைப் பார்க்கவேயில்லை. நேராகப் பார்க்கிறாள். உள்ளங்கையைத் தொடையில் துடைக்கிறாள். எனக்குத் தெரியும், மாவு பிசைந்துவிட்டு அப்படித்தான் துடைப்பாள். மறுபடி ஸ்டார்ட். கிளச். ஆக்ஸிலரேட்டர் ஏறுது... ஏறுது... இன்னும் கொஞ்சம்... ஹேண்ட் பிரேக்கை விடு... பின்னால் உருளலை! ஏறிடுச்சு! ஏறிடுச்சுங்ணா!

உங்க கையையா இவ்வளவு நேரம் பிடிச்சிருந்தேன்? சாரிங்ணா. காகிதம் வேற கசங்கிடுச்சு. இருங்க, என்ன ஆச்சு என்று போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். பையைப் பார்த்துக்கோங்க.

பாஸ்!

பாஸுங்ணா! இன்ஸ்பெக்டர், "ஆஃப் ஆனதும் ஆடிப் போகாம நிதானமா எடுத்தீங்க பாருங்க, அதுக்குத்தாம்மா போட்டேன்" என்றார். அப்படியே அந்தக் குரலில்தான் சொன்னார், பாதி மூக்கில்.

பையை எடுக்கத்தான் வந்தேன். அம்மா கேட் பக்கம் நிற்கிறாள். அதில்லைங்ணா, ஒரு விசயம். இறங்கி வந்ததும் அம்மா என்ன கேட்டாள் தெரியுமா? சத்தியத்த எடுத்துட்டேன் என்றாள். "உங்கப்பாகிட்ட இதச் சொன்னா என்ன சொல்லுவாரு? அவரு குரல்லயே சொல்லிக் காட்டு பார்க்கலாம்" என்றாள். அம்மாவாக ஒரு குரலைக் கேட்டு வாங்குவது இதுதான் முதல் தடவை. நான் விடுவேனா? தோளை அகட்டிக்கொண்டு நின்றேன். செருமினேன். செருமல் அப்படியே அப்பா, அம்மாவே ஒரு அடி நகர்ந்து நின்றாள்.

அதற்கப்புறம் வரவில்லைங்ணா.

கிளச்சைப் பற்றிச் சொல்லச் சொன்னால் இப்பவே சொல்வேன். சீட் துணியைப் பற்றி, கார்புரேட்டரைப் பற்றி, ரங்கண்ணன் காதைப் பற்றி எல்லாம் இருக்கு. அம்மாவிடம் "நல்லா ஓட்டுன" என்று சொன்னால் அப்பா குரல் மேலே போகுமா, கீழே இறங்குமா? சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாரா? ரெண்டாவது ஒரு வார்த்தை வருமா? நான் கேட்டதேயில்லையே. கேட்காததை எப்படிண்ணா போடறது? எனக்கு இப்படி ஆனதேயில்லை.

"வரலியா?" என்றாள்.

"வரலம்மா. திட்டுனாலும் திட்டுவாரு. அதை வேணும்னாச் செய்யட்டுமா?"

"வேண்டாஞ்சாமி. அது எனக்கே தெரியும்." அப்புறம் புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "மத்தியானச் சோத்துக்கு வருவாரு. வந்ததும் நான் சொல்றேன். நீ எங்கயும் போகாம பக்கத்துல நின்னு, என்ன சொல்றாருன்னு நல்லாக் கேட்டு வெச்சுக்கோ" என்றாள்.

கூப்பிடறா, பாருங்க. பஸ் வந்துடும். நான் வர்றேங்ணா. உங்க பேரையும் கூப்பிடுவாங்க, காகிதத்தை நீவி வைங்க. அப்பா வருவதற்குள் நான் வீட்டில் இருக்கணும்.